அம்மாவின் எக்ஸ்ரேயைப் படம் எடுக்கலாமா?

ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர், ஊர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 38 வயது. கணக்கு எழுதும் வேலை. படம் எடுப்பது பத்து வருடப் பொழுதுபோக்கு. போன வருடம் அவருடைய அம்மா நுரையீரல் தொற்றால் மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சலைன் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் அறையின் ஜன்னல் தலைகீழாகத் தெரிவது ஒருநாள் அவர் கண்ணில் பட்டது. அம்மா தேறி வீட்டுக்கு வந்தபின்னும் அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவில்லை. அம்மாவின் மாத்திரை அட்டைகள், இ.சி.ஜி. தாள், மார்பு எக்ஸ்ரே என்று வரிசையாகப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம், ஓய்வுபெற்ற மருத்துவரான ஓர் உறவினர் வீட்டைக் காலி செய்யும்போது ஒரு பெட்டியைக் கொடுத்திருக்கிறார். அதில் கண்ணாடி சிரிஞ்சுகள், ஊசிகள், கத்தரிகள், ஃபோர்செப்ஸ், இரண்டு தெர்மாமீட்டர், பாதரச பி.பி. கருவி ஒன்று, யார் யாருடையவோ எக்ஸ்ரே ஃபிலிம்கள். கருவிகளைக் கொதிக்கும் நீரில் போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டதால் பயமில்லை என்கிறார். அவருடைய மனைவி நர்ஸ். அவர் மூலமாக வார்டில் படம் எடுக்கவும், பயன்படுத்திப் போட்ட ட்ரிப் செட்டுகளை வாங்கிவரச் சொல்லவும் யோசனை. நோயாளிகளின் கண்மீது கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் ஆள் தெரியாதே என்கிறார். மூடிக் கிடக்கும் ஒரு பழைய மருத்துவமனைக்குள் போய் எடுக்கலாம் என்று நண்பர் கூப்பிடுகிறார். அம்மாவின் எக்ஸ்ரே படத்தை, பெயர் இருந்த ஓரத்தை வெட்டிவிட்டு, ஏற்கெனவே இணையத்தில் போட்டிருக்கிறார்.

“நோயில் என்ன அழகு? உனக்கு மனசு சரியில்லை” என்று அக்கா சொல்லிவிட்டார். அந்தச் சொல் அவரை உறுத்துகிறது. “இது தப்பா, ஆபத்தா, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?” என்று முடித்திருக்கிறார்.

அன்பு நண்பரே,

அக்கா சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் உங்கள் கை நடுங்கியிருப்பது அந்த இடத்தில்தான். உங்களுக்கு மனசு சரியாகத்தான் இருக்கிறது. மூன்று வாரம் ஒருவர் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், அந்த அறையில் இருந்த பொருள்களை லேசில் மறப்பதில்லை. சிலர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். சிலர் அவற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நீங்கள் இரண்டாவது வகை. படம் எடுத்து முடித்த பிறகு மனம் இலேசாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது போதும். தூக்கம் கெடுவது, அந்த நாட்களின் காட்சி கேட்காமலே வந்து நெஞ்சு படபடப்பது, வேலையிலோ வீட்டிலோ மனம் ஒட்டாமல் போவது என்று ஏதாவது இருந்தால் அது வேறு விஷயம், அப்போது ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறி எதுவும் இல்லை.

அக்காவிடம் இன்னொன்றும் சொல்லலாம். மருத்துவமும் புகைப்படமும் வெகுகாலமாகச் சேர்ந்தே நடந்துவந்தவை. ஜெர்மன் இயற்பியலாளர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895 நவம்பரில். டிசம்பர் 22 அன்று தன் மனைவி பெர்த்தாவின் கையை அதில் படம் எடுத்தார். விரல் எலும்பில் மோதிரம் கறுப்பாக நிற்கும் அந்தப் படத்தைத்தான் உலகமே பார்த்தது. உங்கள் லென்ஸைச் சுற்றி வட்டமாக எரிகிறதே ரிங் பிளாஷ், அது 1952-ல் பல் மருத்துவப் படங்களுக்காக உருவானது. ஆகவே நீங்கள் புதிதாக எதையும் கெடுத்துவிடவில்லை.

இனி நீங்கள் நினைப்பதில் எங்கெல்லாம் தவறு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன்.

அந்தப் பெட்டி

முதலில் பாதரசம். ஒரு தெர்மாமீட்டரில் சுமார் அரை முதல் ஒன்றரை கிராம் வரை பாதரசம் இருக்கும். பி.பி. கருவியில் நூறு கிராமை ஒட்டி இருக்கும். உடைந்தால் அது தரையில் வெள்ளி முத்துக்களாக ஓடும். பார்க்க அவ்வளவு அழகு, உங்களைப் போன்றவருக்குக் குனிந்து மேக்ரோ லென்ஸை வைக்கத்தான் தோன்றும். வைக்காதீர்கள். பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சு வழியாகப் போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். சூடான விளக்குக்குக் கீழே, மூடிய அறையில், முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஒருவருக்கு இதைவிட மோசமான சூழ்நிலை கிடையாது. இந்தக் கருவிகளின் உற்பத்தியையும் வர்த்தகத்தையும் 2020-க்குள் நிறுத்த வேண்டும் என்று 2013-ல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பி.பி. கருவியைப் படம் எடுக்கலாம், ஆனால் அது முழுசாக இருக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் விரிசல் இருந்தாலோ, பெட்டியின் மூலையில் சின்ன வெள்ளி மணிகள் தெரிந்தாலோ, ஒரு கனமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஆபத்தான கழிவுகளை வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். எப்போதாவது உடைந்துவிட்டால் குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கையிலுள்ள மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் தங்கத்தில் பாதரசம் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, விறைப்பான இரண்டு அட்டைகளால் மணிகளைச் சேருங்கள். பொடி மணிகளை ஒட்டும் டேப்பால் எடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் கூடவே கூடாது, அவை அதை இன்னும் பொடியாக்கி அறை முழுக்கப் பரப்பிவிடும். கழுவும் தொட்டியில் ஊற்றவும் கூடாது.

அடுத்தது ஊசிகள். “எய்ட்ஸ் கிருமி வெளியே வந்தால் செத்துவிடும், அதனால் பயமில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஊசிக் குத்தில் மருத்துவர்களான நாங்கள் முதலில் பயப்படுவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்குத்தான். அந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாதவருக்கு, அந்த நோய் உள்ளவரிடம் பயன்படுத்திய ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஆறு முதல் முப்பது வரை. ஹெச்.ஐ.வி.-க்கு அது ஆயிரத்தில் மூன்று. பல வருடம் கிடந்த பெட்டி என்பதால் அதில் வைரஸ் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அதை நேர்மையாகச் சொல்கிறேன். ஆனால் டெட்டனஸ் கிருமியின் விதைகள் (ஸ்போர் எனப்படும் அதன் உறங்கும் வடிவம்) வருடக்கணக்கில் காத்திருக்கும். மனைவி கொண்டுவரப் போகும் ட்ரிப் செட்டோ நேற்றையது.

எனக்கும் குத்தியிருக்கிறது. பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போது மூடியைத் துளைத்துக்கொண்டு இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. ஒரு துளி ரத்தம், எறும்பு கடித்த வலிகூட இல்லை. பரிசோதனை முடிவுகள் வந்து முடிய ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதம் நான் என் குழந்தைக்கு நகம் வெட்டிவிடவில்லை. ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கொதிக்க வைத்தது பற்றி. கொதிநீர் நிறையக் கிருமிகளைக் கொல்லும், ஆனால் அந்த விதைகளைக் கொல்லாது. மருத்துவமனையில் அழுத்தத்தோடு 121 டிகிரி நீராவி வைப்பது அதற்காகத்தான். ஸ்பிரிட்டும் விதைகளைத் தொடாது. அதோடு, கத்தரியைத் திறந்து அதன் திருகாணி இருக்கும் இடத்தை உங்கள் மேக்ரோ லென்ஸில் பாருங்கள். பழுப்பாக ஒரு கோடு தெரிந்தால் அது துருவாகவும் இருக்கலாம், காய்ந்த ரத்தமாகவும் இருக்கலாம். அழுக்கு ஒட்டியிருக்கும் வரை எந்த மருந்தும் உள்ளே போகாது. கனமான கையுறை போட்டு, சோப்பு நீரும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துவிட்டு, தெரிந்த பல் மருத்துவர் யாராவது இருந்தால் அவருடைய ஆட்டோகிளேவில் (அந்த அழுத்த நீராவிக் கருவியில்) ஒருமுறை வைத்துத் தரக் கேளுங்கள். ஊசிகளை மட்டும் வைத்துக்கொள்ளவே வேண்டாம். துளையாத டப்பாவில் போட்டு, மருத்துவக் கழிவு எடுக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். படத்துக்கு வேண்டுமானால் உறை பிரிக்காத புது ஊசி வாங்கிக்கொள்ளலாம். ட்ரிப் செட்டும் அப்படியே. வார்டிலிருந்து கழிவை வெளியே கொண்டுவந்தால் மனைவியின் வேலைக்கே ஆபத்து.

மற்றவர்களின் எக்ஸ்ரே ஃபிலிம்களைப் படம் எடுக்காதீர்கள். அவை உறவினரை நம்பி வந்தவர்களுடையவை. அவரிடமே திருப்பிக் கொடுத்து, அழித்துவிடச் சொல்லுங்கள்.

எவ்வளவோ இருக்கிறது எடுக்க

இவ்வளவு “கூடாது” சொன்ன பிறகு, கூடியதையும் சொல்ல வேண்டும்.

அம்மாவின் இ.சி.ஜி. தாளை உடனே படம் எடுத்து முடித்துவிடுங்கள். அது பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்து விழும் தாள், நாளாக ஆக வெளுத்துவிடும். சூடான விளக்கைக் கிட்டே வைத்தால் கறுத்துவிடும், அதனால் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். வழக்கமாக அந்தத் தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. உங்கள் ஷட்டரை ஒரு நொடியில் 25-ல் ஒரு பங்கில் வைத்தால் ஒரு சின்னக் கட்டத்தின் நேரம் அது. அம்மாவின் இதயம் ஒருமுறை துடித்ததை, அதே இதயம் அந்தக் கட்டத்தைக் கடந்த நேரத்திலேயே படம் பிடிக்கிறீர்கள். நான் தினமும் பார்க்கும் தாள்தான், ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நேற்று ஒன்றைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைட்டமின் சி தூளைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு ஒரு ராத்திரி காயவிடுங்கள். கணினியின் எல்.சி.டி. திரையை வெள்ளையாக வைத்து, அதற்கு முன்னால் கொஞ்சம் தள்ளித் தகட்டைப் பிடியுங்கள். அந்தத் திரையின் ஒளி ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிர்வது, அதனால் லென்ஸில் ஒரு போலரைசர் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) போதும். அதைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் திரை இருண்டு, படிகங்கள் மட்டும் நீலமும் ஆரஞ்சுமாக விசிறிபோல விரியும். பல பிளாஸ்டிக் பொருள்களையும் இதே முறையில் வைத்துப் பாருங்கள், வார்க்கும்போது உள்ளே தங்கிய இறுக்கம் வானவில் பட்டைகளாகத் தெரியும்.

எஃகுக் கருவிகளில் போலரைசர் வேலை செய்யாது, உலோகப் பிரதிபலிப்பை அது நீக்காது. சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி, இரண்டு பக்கமும் கறுப்புத் தாள் கீற்று வையுங்கள், விளிம்பு கோடு போட்டாற்போல் வரும். ஸ்டெதஸ்கோப்பின் உலோக முகப்பு குவிந்திருந்தால் முழு அறையும் அதில் தெரியும். வெளியிடும் முன் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் நடந்துபோன ஒருவர் அதில் நின்றுகொண்டிருப்பார்.

மாத்திரைகளில் ஒரு எச்சரிக்கை. அம்மா இப்போது சாப்பிடும் அட்டையிலிருந்து எடுக்காதீர்கள், கணக்குத் தவறினால் ஒரு வேளை விட்டுப்போகும். பிரித்து விளக்குக்குக் கீழே வைத்த மாத்திரையைத் திரும்பவும் டப்பாவில் போடாதீர்கள். காலி அட்டைகளே நல்ல படம். கிழிந்த அலுமினியத் தாளில் ஒவ்வொரு குழியிலும் கட்டைவிரல் அழுத்திய விதம் வேறு வேறாக இருக்கும். உடம்பு முடியாத நாட்களில் ஓரம் தாறுமாறாகக் கிழிந்திருக்கும்.

வார்டும் கறுப்புப் பட்டையும்

கண்ணை மறைத்தால் ஆள் தெரியாது என்பது பலரும் நம்புவது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவே, கண்களை மட்டும் மறைப்பது அடையாளத்தைக் காக்கப் போதாது என்று தன் நெறிமுறையில் எழுதி வைத்திருக்கிறது. எனக்கு இது சொந்த அனுபவத்தில் தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் ஒரு கையின் படத்தைத் திரையில் காட்டினேன். முகம் கிடையாது, பெயர் கிடையாது, மூட்டுவாதத்தால் வளைந்த விரல்கள் மட்டும். இடைவேளையில் ஒரு இளம் மருத்துவர் வந்து, “அது எங்கள் சித்தியின் கை” என்றார். கோபப்படவில்லை. “அவருக்கு இவ்வளவு முற்றியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது” என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா வீட்டில் மறைத்து வைத்திருந்ததை நான் நூறு பேர் முன்னால் திறந்துவிட்டேன்.

ஆகவே வார்டில் படம் என்றால் நிர்வாகத்தின் எழுத்து அனுமதி ஒன்று, நோயாளியின் சம்மதம் இன்னொன்று. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது. சம்மதத்தை உங்கள் மனைவி கேட்கக் கூடாது. மருந்து கொடுக்கும் கை கேட்டால் படுத்திருப்பவர் எப்படி மாட்டேன் என்பார்? மயக்கத்தில் இருப்பவர், குழந்தை, வலியில் துடிப்பவர் ஆகியோரை எடுக்கவே வேண்டாம். எம்.ஆர்.ஐ. அறைக்குள் கேமராவோடு போகவே போகாதீர்கள். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லா என்றால் அது பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. எஃகு ட்ரைபாட் பறந்துபோய் உள்ளே இருப்பவரைத் தாக்கும்.

என்னைக் கேட்டால், உங்களுக்கு வார்டு தேவையில்லை. மனைவியின் கையில் இருக்கும் கடிகாரம், ஷிஃப்ட் முடிந்து வந்தபின் காதுக்குப் பின்னால் முகக்கவசம் பதித்த கோடு, இவை வீட்டிலேயே இருக்கின்றன. அவரிடம் கேட்டு எடுங்கள்.

மூடிக் கிடக்கும் மருத்துவமனை

“கரண்ட் இல்லாத மெஷினில் கதிர் எங்கிருந்து வரும்?” என்று நண்பர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்ரே மெஷினுக்கு அது சரி. புற்றுநோய்க்குக் கதிர் வைக்கும் சில கருவிகளுக்கு அது சரியில்லை, அவற்றுக்குள் இருப்பது தானாகக் கதிர் விடும் பொருள். 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரத்தில் கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை மையத்திலிருந்து அப்படிப்பட்ட கருவியின் தலையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பழைய இரும்புக் கடையில் அது உடைக்கப்பட்டது. உள்ளே இருந்த சீசியம்-137 தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று அக்கம்பக்கத்தில் பங்கு போட்டுக்கொண்டார்கள், உடம்பில் பூசிக்கொண்டார்கள். 249 பேரிடம் கதிர்க்கலப்பு கண்டறியப்பட்டது. நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று ஆறு வயதுக் குழந்தை. அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படித் தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். போகாதீர்கள்.

கடைசியாக, அம்மா

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று மருத்துவமனை, மனைவி, உறவினர் எல்லோரையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டதாக ஒரு வரி இல்லை. எக்ஸ்ரே ஃபிலிமைக் காசு கொடுத்து வாங்கியது நீங்களாக இருக்கலாம், அதில் தெரியும் நுரையீரல் அவருடையது. ஓரத்தில் இருந்த பெயரை வெட்டினீர்கள், சரி. ஆனால் உங்கள் பெயரில் இருக்கும் பக்கத்தில் “என் அம்மா” என்று எழுதிப் போட்டால் பெயரை வெட்டி என்ன பயன்? படிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தப் படத்தில் அவருடைய நோயும் தழும்பும் தெரியும்.

இன்றைக்கு ராத்திரியே அந்தப் படத்தை இணையத்திலிருந்து நீக்கிவிடுங்கள். இனி எதைப் போடுவதானாலும், எழுத்துக்களை மங்கலாக்காமல் முழுக் கறுப்பால் மூடிப் புது ஃபைலாகச் சேமியுங்கள். படத்தோடு ஒட்டி வரும் எக்ஸிஃப் விவரத்தில் இடமும் நேரமும் இருக்கும், சில சமயம் வெட்டுவதற்கு முந்தைய சின்னப் படமும் இருக்கும், அதையும் நீக்குங்கள். மருத்துவமனை சி.டி.யில் தரும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான வடிவம்) ஃபைலுக்குள்ளேயே பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். அதை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அப்புறம் ஒருநாள் அம்மா நன்றாக இருக்கும் நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் காட்டுங்கள். ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் “சரி” என்றால் எதற்குச் சரி என்று கேளுங்கள். நீங்கள் வைத்துக்கொள்ளவா, வீட்டில் மாட்டவா, வெளியே காட்டவா? மூன்றும் வேறு வேறு. வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். பிறகு ஒருநாள் மனம் மாறி நீக்கிவிடு என்றாலும் நீக்கிவிடுங்கள்.

காலி மாத்திரை அட்டைகளை மட்டும் அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். பிரித்தது அவர். எந்தக் கிழிசல் எந்த நாளுடையது என்று அவருக்கு நினைவிருக்கலாம்.